மரம் போகட்டும், கண்ணாடி இருக்கட்டும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

பழைய சன்னலை மாற்றத்தான் வேண்டும். ஆனால், அதிலுள்ள வண்ணக் கண்ணாடியையும் சேர்த்தா குப்பையில் கொட்டுவது? சென்ற கோடை விடுமுறையில் என்னுள் எழுந்த இக்கேள்வியை நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன்.

என் தந்தை தச்சர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடுமுறையில் அவருக்கு எடுபிடியாகப் போவேன். செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் பழைய வீட்டின் பன்னிரண்டு சன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினியச் சன்னல் வைக்கும் வேலை வந்தது. தேக்கு நிலைகள் கல்லைப் போல் இருந்தன; கதவுகளின் அடிச்சட்டம் மட்டும் சாரலில் இற்றிருந்தது. மேலே அரைவட்டத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை எனக் கண்ணாடிகள்.

முதல் சன்னலை அப்பா பொறுமையாகக் கழற்றினார். மெல்லிய உளியால் ரீப்பரை நெம்பி, ஆணியைப் பிடுங்கி, கல்லாய் இறுகிய மக்கை நுனியால் சுரண்டி எடுத்தார். சூடு காட்டினால் மக்கு இளகும், கண்ணாடி விரிந்துவிடும். அரைநாள் ஆயிற்று. “தட்டி எடுங்கள், நேரமாகிறது” என்றார் மேற்பார்வை பார்த்தவர். மற்றப் பதினொன்றும் சுத்தியலுக்கு இரையாயின. அவற்றில் நான்கை உடைத்தவன் நானே.

மரம் இற்றது, ஆணி துருவேறியது. கண்ணாடிக்கு என்ன வந்தது? நீலக் கண்ணாடிக்கு நிறம் தருவது பெரும்பாலும் கோபால்ட் ஆக்சைடு. அது உருகிய கண்ணாடியோடு கலந்த நிறம். வெயிலில் எளிதில் வெளுப்பதில்லை. (பழைய கண்ணாடி மெல்ல வழிந்து அடியில் தடிக்கும் என்று பலர் சொல்வார்கள். அது தவறு, அக்காலத்துத் தகடுகள் செய்யும்போதே சீரற்று அமைந்தவை.)

இங்கிலாந்தில் யார்க் பேராலயத்தின் கிழக்குச் சன்னலை 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் என்பவர் செய்தார். அது நம் வீடுகளில் உள்ளதுபோல் வெறும் வண்ணத் தகடு அன்று. ஓவியம் தீட்டிச் சூளையில் சுட்டு, ஈயப் பட்டைகளால் இணைத்த 311 பலகங்கள். 2008-இல் கழற்றிச் செப்பனிட்டு, 2018-இல் திரும்பப் பொருத்தி முடித்தார்கள். மழையையும் காற்றையும் தாங்க வெளிப்புறம் புதுக் கண்ணாடி. நடுவே காற்றோடும் இடைவெளி. உள்ளே பழைய ஓவியம். புதியது காவலுக்கு நிற்கிறது, பழையது பிழைக்கிறது!

“அங்கே பணம் இருக்கிறது, இங்கே?” என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஏழை வீட்டுக்காரரிடம் யார்க்கின் செலவைக் கேட்க முடியாது. ஆனால் இங்கே வேண்டியது ஒரு சன்னலுக்கு அரைநாள் தச்சுக்கூலி. கதவு புதிதாகட்டும், வேம்பாகவே இருக்கட்டும். மேல் வளைவில் பழைய கண்ணாடி ஏறலாம். இத்தகைய கண்ணாடிகள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு விற்கின்றன என்பதை உடைக்கச் சொன்னவர் அறிந்திருந்தாரோ என்னவோ! அரைநாளுக்குக் கூலி கொடுத்திருந்தால் அப்பா பன்னிரண்டையும் முழுதாகக் கழற்றியிருப்பார். கைத்திறன் இருந்தது, கூலிதான் இல்லை.

நம் கல்லூரியின் பழைய கட்டடத் தாழ்வாரச் சன்னல்களும் மாற்றப்பட இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். முதல்வர் அவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: ஒப்பந்தத்தில், “வண்ணக் கண்ணாடிகளை உடையாமல் கழற்றி ஒப்படைக்க வேண்டும், அதற்குத் தனிக்கூலி உண்டு” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.