ஓட்டையை சொன்னால் பரிசா, ஜெயிலா? திருடனை முந்தும் சென்னை கம்ப்யூட்டர் இளைஞர்கள்!

சென்னை:
மயிலாப்பூர் மாட வீதியில் பூ விற்கிற அம்மா முதல் தி.நகர் ரங்கநாதன் தெருவில் சுடிதார் விற்கிறவர் வரை இப்போது எல்லோருக்கும் காசு செல்போன் வழியாகவும் வருகிறது. கல்லாப்பெட்டிக்கு பூட்டு மாதிரி இதற்கு பாஸ்வேர்டு, ஓ.டி.பி. அந்த பூட்டிலேயே ஓட்டை இருந்தால்? அதை திருடனுக்கு முன்னால் கண்டுபிடித்து, கம்பெனிக்கு தகவல் சொல்லி அடைக்க வைக்கிற ஒரு கூட்டம் சென்னையில் சத்தம் இல்லாமல் வேலை பார்த்து வருகிறது.

ரூ.20 லட்சம் பரிசு

இதில் பெயர் பெற்றவர் சென்னையை சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா. 2019 ஜூலையில் இவர் இன்ஸ்டாகிராமில் கண்டுபிடித்த ஓட்டை உலகம் முழுக்க பேசப்பட்டது.

விஷயம் இதுதான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று சொன்னால் செல்போனுக்கு 6 இலக்க எண் வரும். 10 நிமிடம்தான் ஆயுள். மொத்தம் 10 லட்சம் எண்களில் ஏதோ ஒன்று அது. ஒரே இடத்தில் இருந்து ஒவ்வொன்றாக போட்டு பார்த்தால் கொஞ்ச நேரத்தில் கதவை சாத்திவிடுவார்கள். லக்ஷ்மண் என்ன செய்தார் என்றால், 1,000 வெவ்வேறு இன்டர்நெட் முகவரிகளில் இருந்து ஒரே நேரத்தில் 2 லட்சம் எண்களை அனுப்பி பார்த்தார். கதவு சாத்தப்படவில்லை! 5 ஆயிரம் முகவரிகள் இருந்தால் 10 லட்சத்தையும் போட்டு பார்த்து யார் கணக்கையும் பிடித்துவிடலாம். அதற்கு வாடகை சுமார் 150 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ரூ.10 ஆயிரம். அந்த காசுக்கு தி.நகரில் சுமாரான பட்டுப்புடவைதான் கிடைக்கும்.

அவர் ஓட்டையை விற்கவில்லை. பேஸ்புக் கம்பெனிக்கு எழுதினார். 30 ஆயிரம் டாலர், அதாவது சுமார் ரூ.20 லட்சம் பரிசு கிடைத்தது. அடுத்த மாதமே இன்னொரு ஓட்டைக்கு 10 ஆயிரம் டாலர். மைக்ரோசாப்டில் 7 இலக்க எண்ணில் இருந்த ஓட்டைக்கு 2021-ல் 50 ஆயிரம் டாலர். இதற்கெல்லாம் முன்பு 2015-ல், பேஸ்புக்கில் அடுத்தவர் போட்டோ ஆல்பத்தை அழித்துவிட முடியும் என்று காட்டினார். 2 மணி நேரத்தில் ஓட்டையை அடைத்துவிட்டு 12,500 டாலர் கொடுத்தார்கள்.

வெளிநாட்டு கம்பெனி பணம் கொடுக்கிறது. நம்ம ஊர் கதை வேறு.

ரெயில் டிக்கெட்டில் விளையாட்டு

2021 ஆகஸ்டு மாதம் தாம்பரத்தில் பிளஸ்-2 படித்த 17 வயது மாணவர் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளத்தில் டிக்கெட் எடுக்க போனார். டிக்கெட்டுக்கான எண்ணை மாற்றி போட்டால் அடுத்தவர் பயண விவரம் வந்து நிற்கிறது. பெயர், பி.என்.ஆர்., ரெயில், தேதி எல்லாம். டிக்கெட்டையே ரத்து செய்யவும் வழி இருந்தது. தீபாவளிக்கு ஊருக்கு போக டிக்கெட் எடுத்து வைத்திருக்கிற குடும்பத்தை நினைத்து பாருங்கள்!

அந்த பையன் ஆகஸ்டு 30-ந் தேதி மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்புக்கு தகவல் கொடுத்தார். 5 நாளில் ஓட்டை அடைக்கப்பட்டது. 2004-ல் தொடங்கிய இந்த அமைப்புக்கு யார் வேண்டுமானாலும் ஓட்டை பற்றி எழுதலாம். அவர்கள் சம்பந்தப்பட்ட கம்பெனியிடம் பேசுவார்கள்.

ஆனாலும் எழுத பயப்படுகிறவர்கள் உண்டு. காரணம், 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப சட்டம். அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டரில் நுழைந்தால் 43-வது பிரிவின்படி நஷ்டஈடு கேட்கலாம். மோசடி நோக்கம் இருந்தால் 66-வது பிரிவு பாயும். 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம், இரண்டும் கூட கிடைக்கலாம். நல்லெண்ணத்தில் சொல்ல வந்தவருக்கு என்று தனி பாதுகாப்பு அந்த சட்டத்தில் இல்லை. "சார், நான் திருட வரலை" என்று ஸ்டேஷனில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல எந்த வீட்டு பையன் போவான்?

இங்கேதான் உள்ளூர் கூட்டங்கள் கைகொடுக்கின்றன. இந்த துறையில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் 'நல்' என்ற அமைப்புக்கு சென்னையிலும் கிளை உண்டு. கட்டணம் கிடையாது. 'ஓவாஸ்ப்' என்ற உலக அமைப்புக்கும் இங்கே கிளை இருக்கிறது. புதிதாக கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அக்குவேறு ஆணிவேறாக பிரித்து பேசுகிறார்கள். புதுசாக வருகிற பசங்களுக்கு முக்கியமாக தெரிய வேண்டியது எல்லைக்கோடு. சோதனையை உன் சொந்த கணக்கில் செய், அடுத்தவர் விவரத்தை டவுன்லோடு செய்யாதே, அடைக்கும் வரை வெளியே சொல்லாதே, "பணம் கொடுத்தால்தான் சொல்வேன்" என்று பேரம் பேசாதே. கடைசியில் சொன்னதை செய்தால் அது மிரட்டல் கேஸ். அடையாறை அடுத்த தரமணியில் 2002 முதல் 'செட்ஸ்' என்ற ஆராய்ச்சி நிறுவனமும் கணினி பாதுகாப்புக்காகவே இயங்கி வருகிறது.

அடைத்தும் கோட்டை விட்டார்கள்

ஓட்டையை கண்டுபிடித்து, கம்பெனி அடைத்துவிட்டால் மட்டும் வேலை முடிவதில்லை. சென்னையில் வளர்ந்த ஜோஹோ கம்பெனியே இதற்கு சாட்சி. அலுவலகங்களில் பாஸ்வேர்டு மாற்ற உதவும் அதன் 'மேனேஜ் என்ஜின்' சாப்ட்வேர் ஒன்றில் ஓட்டை தெரிந்ததும், 2021 செப்டம்பர் 6-ந் தேதி திருத்தம் வெளியிட்டார்கள். 16-ந் தேதி அமெரிக்க எப்.பி.ஐ.யும் எச்சரித்தது. அதற்கு பிறகும் 22-ந் தேதி முதல் ஒரு கும்பல் பல நாடுகளில் குறைந்தது 9 நிறுவனங்களுக்குள் புகுந்துவிட்டது. ஆஸ்பத்திரி, மின்சார துறைகளை சேர்ந்தவையும் அதில் உண்டு. மருந்து வீட்டுக்கு வந்துவிட்டது, குடிக்கத்தான் ஆள் இல்லை!

நம் கையில் இருக்கிற செல்போனுக்கும் இதே கதைதான். 'அப்டேட்' வந்தால் "டேட்டா போயிடும்" என்று தள்ளி வைக்கிறோம். அதில் புது கலர், புது படம் மட்டும் வருவதில்லை. ஓட்டை அடைக்கும் சிமெண்டும் அதில்தான் வருகிறது. பழைய மாடல்களுக்கு சில வருடங்களில் அதை நிறுத்திவிடுவார்கள். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் போன் வாங்குகிறவர்கள் கேமராவையும் பேட்டரியையும் பார்க்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் 'செட்டிங்ஸ்' உள்ளே 'செக்யூரிட்டி அப்டேட்' என்ற இடத்தில் ஒரு தேதி இருக்கும். அது இரண்டு, மூன்று வருடத்துக்கு முந்தையதாக இருந்தால், எவ்வளவு மலிவாக கொடுத்தாலும் அந்த போனில் பேங்க் வேலை வேண்டாம். பணம் பறிபோனால் உடனே 1930-க்கு போன் போடலாம்.