பதறாத காரியம் சிதறாது



விடியற்காலையில் சரக்கெடுக்கக் கோயம்பேட்டுக்குக் கிளம்பும் வேளையில் வண்டி மக்கர் செய்தால் எவ்வளவு நஷ்டம் என்பது நமக்குத்தான் தெரியும். அதனால் கடை விடுமுறையன்று வீட்டு வாசலிலேயே பிளக் மாற்றுவதும் போல்ட் கழற்றுவதும் நம்மில் பலருக்குப் பழக்கம். சிக்கனம் நல்லதே. ஆனால் இறுகிப்போன பிளக்கோடு நாம் மல்லுக்கட்டும் விதம்தான் சரியில்லை.

வரவில்லை என்றதும் ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகி முழு பலத்தையும் கொடுக்கிறோம். பிளக்கின் மரை இரும்பு; அது உட்காரும் எஞ்சின் ஹெட் பெரும்பாலும் அலுமினியம். முரட்டுத்தனத்தில் தோற்பது மெத்தென்ற அலுமினிய மரைதான். சிறிய பிளக்குக்காக ஹெட்டையே கழற்ற நேரிடுகிறது.

பழைய பாக்கிக்காரரிடம் சத்தம் போட்டால் ஆளும் போவார், பணமும் போகும். இறுகிய மரையும் அப்படித்தான். எஞ்சின் நன்றாக ஆறட்டும். சுற்றிலும் உள்ள மண்ணை ஊதித் தள்ளி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்போம். சிறிது கழற்றி, இறுகினால் பின்னுக்குத் திருப்பி, மீண்டும் எண்ணெய் விடுவோம். போல்ட்டுக்கு ஆறு முனையையும் கவ்வும் சாக்கெட்டே நல்லது. எண்ணெயும் பெட்ரோலும் உள்ள இடத்தில் நெருப்பு வைத்துச் சூடேற்றும் வேலை நமக்கு வேண்டாம்.

தலை முறிந்துவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். துளையிட்டு எடுப்பதும், பிய்ந்த மரைக்குப் புது மரை பொருத்துவதும் தேர்ந்த கைகளின் வேலை. காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உலோக வேலை அறிந்தவர்களுக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை.

அவர்களிடம் நாம் நடந்துகொள்வதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரை நாள் பொறுமையாக இருந்து போல்ட்டை முறியாமல் எடுத்துத் தந்தவரிடம், "ஒரு போல்ட்டுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். நம் சரக்குக்கு நியாய விலை கேட்கும் நாம், அவர் நேரத்துக்கு விலை தர மறுக்கலாமா? அவசரப்படுத்தினால் அவரும் சுத்தியலைத்தான் எடுப்பார், நஷ்டம் நமக்கே.

திரும்ப மாட்டும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே திருகுவோம். வண்டிக் கையேடு சொல்லும் அளவுக்கு மேல் இறுக்க வேண்டாம். இன்று அளவாக இறுக்கினால் நாளை எளிதாகக் கழலும்.