அனிமே வசனத்தில் ஜப்பானிய இலக்கணம்

பாடநூலின் கடைசிப் பக்கங்களில் வரும் இலக்கணம் சில சமயம் ஒரு குழந்தையின் வாயிலிருந்தே எளிதாகக் கிடைத்துவிடுகிறது. ஹயாவோ மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) படத்தில் பெற்றோர் இருவரும் பன்றிகளாகிவிட, சிறுமி சிஹிரோ குளியல் விடுதியின் முதலாளி யுபாபாவின் முன்னால் போய் நின்று, ‘கொகொ தெ ஹதரகசெதெ குதசை’ என்று விடாமல் கேட்கிறாள். ‘இங்கே என்னை வேலை செய்ய விடுங்கள்’ என்பது பொருள். ‘கொகொ’ என்பது இந்த இடம். ‘தெ’ என்பது தமிழின் ‘இல்’ போல இடத்தைக் காட்டும் உருபு. ‘ஹதரகு’ என்றால் வேலை செய். அதன் பிறவினை ‘ஹதரகசெரு’. அதை எச்சமாக்கி, வேண்டுகோளுக்குரிய ‘குதசை’யைச் சேர்த்தால் வாக்கியம் முடிந்தது. தமிழில் ‘செய்ய வை’ வேறு, ‘செய்ய விடு’ வேறு. ஜப்பானியத்தில் இரண்டுக்கும் ஒரே பிறவினைதான். கட்டாயமா அனுமதியா என்பதைச் சூழலே சொல்லும். ‘மின்னா நோ நிஹோங்கோ’ பாடநூலில் இந்தப் பிறவினை 48ஆம் பாடத்தில்தான் வருகிறது. சிஹிரோவின் பயந்த முகத்தோடும் பிடிவாதத்தோடும் சேர்த்துக் கேட்டவருக்கு அந்தப் பாடம் வரும்போது அது புதிதாக இருக்காது.

ஒரு வசனத்தின் உண்மையான பயன் அதிலுள்ள அச்சை எடுத்து வேறு வினையை வார்ப்பதில் இருக்கிறது. ‘யசுமு’ என்றால் ஓய்வெடு, விடுப்பு எடு. ‘யசுமசெதெ குதசை’ என்றால் விடுப்பு எடுக்க விடுங்கள். அலுவலகத்தில் மேலாளரிடம் கேட்கும்போது ‘குதசை’க்குப் பதிலாக ‘இததகெமசென் க’ என்று இன்னும் பணிவாக முடிப்பார்கள். சிறுமியின் வாக்கியத்திலிருந்து விடுப்பு விண்ணப்பம்வரை வந்து சேர இரண்டு மாற்றங்கள் போதும். வசனத்தை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிப்பவருக்கு இது கிட்டாது.

இத்தகைய வசனங்களைப் பெரும்பாலோர் ஆங்கில வசனவரிகளோடுதான் பார்க்கிறார்கள். தமிழ் தெரிந்தவருக்கு அது வீண் சுற்று. ஆங்கிலத்தில் வினை நடுவில் வரும். ஜப்பானியத்திலும் தமிழிலும் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன்னால் நிற்பதும் இரண்டு மொழிகளிலும் ஒன்றுபோலவே. இரண்டும் உறவு மொழிகள் என்று சுசுமு ஓனோ வாதிட்டதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. கற்பவருக்கு அந்த உறவு தேவையும் இல்லை; அமைப்பு ஒத்திருந்தாலே போதும். ஆகவே வசனத்துக்கான பொருளைத் தமிழில், அதே வரிசையில், சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்ப்பதே நல்ல வழி.

இந்த ஒப்புமை மிகத் தெளிவாகத் தெரியும் இடம் துணைவினை. ‘மிரு’ என்றால் பார். ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘ஒகு’ என்றால் வை. ‘கத்தெ ஒகு’ என்றால் வாங்கி வை. ‘வசுரெதெ ஷிமத்த’ என்பது ‘மறந்துவிட்டேன்’. தமிழின் ‘விடு’ போலவே ‘ஷிமவு’வும் செயல் முடிந்ததையும், சில இடங்களில் அதற்காக வருந்துவதையும் காட்டுகிறது. ‘இரு’ என்ற துணைவினை ஒலியிலும்கூட ‘இரு’தான். ‘தபெதெ இரு’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருப்பது. ‘ஐதெ இரு’ என்றால் திறந்திருப்பது. ‘ஹொகுதொ நொ கென்’ தொடரின் நாயகன் கென்ஷிரோ எதிரியிடம் சொல்லும் புகழ்பெற்ற வசனத்தில் வருவது இந்த இரண்டாவது பொருள். ‘ஷிந்தெ இரு’ என்பதற்கு ‘செத்துக்கொண்டிருக்கிறாய்’ என்று பொருளல்ல. நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே ‘நீ செத்தாயிற்று’ என்கிறான். சாவு நடந்து முடிந்த நிலையைக் காட்டும் இலக்கணத்தில்தான் அந்த வசனத்தின் அச்சம் இருக்கிறது.

பேச்சில் சொற்கள் சுருங்குவதும் தமிழருக்குப் பழகியதுதான். ‘மறந்துவிட்டேன்’ என்பது ‘மறந்துட்டேன்’ ஆவதுபோல ‘வசுரெதெ ஷிமத்த’ என்பது ‘வசுரெச்சத்த’ ஆகிறது. ‘கத்தெ ஒகு’ என்பது ‘கத்தொகு’ ஆகிறது. 1995இல் வெளிவந்த ‘நியோன் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ தொடரின் முதல் பகுதியில் சிறுவன் ஷின்ஜி ‘நிகெச்ச தமெ த’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். ‘ஓடக் கூடாது’ என்று பொருள்படும் இதன் முழு வடிவம் ‘நிகெதெ வ தமெ த’. பாடநூல் முழு வடிவத்தைத்தான் கற்பிக்கும். தெருவிலும் வீட்டிலும் காதில் விழுவது சுருங்கிய வடிவம். இந்த இடைவெளியை நிரப்ப அனிமேயைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. ‘போக வேண்டும்’ என்பதற்குரிய ‘இகநகெரெப நரநை’ கேட்பதற்கு நீளமாக இருந்தாலும் தமிழில் அப்படியே பிரியும். ‘நரு’ என்றால் ஆகு, ‘நரநை’ என்றால் ஆகாது, ‘போகாவிட்டால் ஆகாது’. பேச்சில் இது ‘இகநக்ய’ என்று சுருங்கி நிற்கும்.

தொடக்க நிலையில் இருப்பவருக்கு ‘என் அண்டை வீட்டு டோடோரோ’ (1988) படத்தின் அக்கா தங்கை இருவரும் துள்ளிக் கத்தும் ‘யுமெ த கெதொ, யுமெ ஜ நகத்த’ போதும். ‘கனவுதான், ஆனால் கனவில்லை’ என்று பொருள்படும் இந்த ஒரு வரியில் ‘த’ என்ற முடிபும், எதிர்மறையும், அதன் இறந்தகாலமும், ‘ஆனால்’ என்ற இணைப்பும் வந்துவிடுகின்றன.

ஒப்புமை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘வ’, ‘க’ என்ற இரண்டு இடைச்சொற்களின் வேறுபாட்டுக்குத் தமிழில் நேர் இணை கிடையாது. நிறைய வசனங்களைக் கேட்டுத்தான் அது பிடிபடும். தமிழ் வினைமுற்றில் நானா, நீயா, அவளா என்பது விகுதியிலேயே தெரியும். ஜப்பானிய வினைக்கு அந்த விகுதி கிடையாது. ‘நரு’ என்பது எல்லோருக்கும் ‘நரு’தான். அந்த வேலையில் பெரும்பகுதியைச் சூழலும், மரியாதை வடிவங்களும், ‘நான்’ என்பதற்குப் பேசுபவர் தேர்ந்தெடுக்கும் சொல்லும் சுமக்கின்றன.

மகோதோ ஷிங்காயின் ‘யுவர் நேம்’ (2016) படத்தில் இதற்கென்றே எழுதியதுபோல ஒரு காட்சி உண்டு. கிராமத்துப் பெண் மித்சுஹா, டோக்கியோ மாணவன் தாகியின் உடலுக்குள் இருக்கிறாள். பள்ளி நண்பர்களிடம் ‘வதஷி’ என்கிறாள், அவர்கள் விழிக்கிறார்கள். ‘வதகுஷி’ என்று மாற்றுகிறாள், அதுவும் ஒட்டவில்லை. ‘பொகு’ என்று பார்க்கிறாள், இன்னும் சந்தேகம். ‘ஒரெ’ என்றதும் நண்பர்கள் தலையாட்டுகிறார்கள். நான்குக்கும் பொருள் ‘நான்’. ‘ஒரெ’ நெருங்கிய நண்பர்களிடையே ஆண்கள் சொல்வது. அதையே வேலைக்கான நேர்முகத் தேர்வில் சொன்னால் வாய்ப்புப் போய்விடக்கூடும்.

அதனால் வசனத்தோடு அதைச் சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பதையும் எழுதி வைக்காதவர் பாதிதான் கற்கிறார். ஜப்பானிய மொழியியலாளர் சதோஷி கின்சுய், கதைமாந்தரின் வகையைக் காட்டுவதற்கென்றே புனைவில் வழங்கும் பேச்சுக்கு ‘யகுவரிகொ’ என்று பெயரிட்டார். 2003இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். ‘டிடெக்டிவ் கோனன்’ தொடரின் முதியவர் அகாசா தன்னை ‘வஷி’ என்று சொல்லி வாக்கியத்தை ‘ஜ’ என்று முடிப்பது இந்த வகை. டோக்கியோவில் வசிக்கும் உண்மையான முதியவர்கள் பொதுவாக இப்படிப் பேசுவதில்லை. ‘ருரொவுனி கென்ஷின்’ நாயகனின் ‘செஷ்ஷ’, ‘தெ கொசரு’ ஆகியவையும் சாமுராய் வேடத்துக்கு உரியவை. கேட்டுப் புரிந்துகொள்ள இவை தெரிந்திருக்க வேண்டும். தன் பேச்சில் சேர்க்கக் கூடாது. இதைவிட ஆபத்தானது ‘கிசம’ என்ற முன்னிலைச் சொல். ஒருகாலத்தில் மரியாதைச் சொல்லாக இருந்த அது இன்று சண்டைக்கு இழுக்கும் வசை. சண்டைத் தொடர்களில் மூச்சுக்கு மூச்சு வருவதால் அதை ‘நீ’ என்பதற்கான சாதாரணச் சொல்லாக எண்ணிவிடும் அபாயம் உண்மையானது.

சொல்வளத்திலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. சண்டைத் தொடர்களிலிருந்து ‘நகம’ (தோழர்), ‘மமொரு’ (காப்பாற்று), ‘சிகர’ (வலிமை) போன்றவை விரைவில் சேரும். நகராட்சி அலுவலகம், காப்பீடு, வீட்டு வாடகை ஆகியவற்றுக்கான சொற்கள் சேராது. அன்றாடப் பேச்சு வேண்டுமென்றால் குடும்பக் கதைகளுக்குப் போக வேண்டும். 1969 அக்டோபரிலிருந்து ஒளிபரப்பாகிவரும் ‘சசயெ சான்’ தொடரில் மூன்று தலைமுறையினர் ஒரே வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். மாமனார், மருமகன், தம்பி, தங்கை என்று உறவுக்கேற்பப் பேச்சு மாறுவதை அங்கே கேட்கலாம். அலுவலகப் பேச்சுக்கு 2014இல் தொடங்கிய ‘ஷிரொபகொ’ நல்ல தேர்வு. அனிமே நிறுவனம் ஒன்றின் வேலை நாளைக் காட்டும் அந்தத் தொடரில் தொலைபேசியில் பணிவாகப் பேசுவது, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பது, சக ஊழியரை விளிப்பது எல்லாம் வருகின்றன.

எழுதி வைப்பதைத் தமிழ் எழுத்தில் நெடுநாள் தொடர முடியாது. நெடில் குறிலையும் ஒற்று இரட்டிப்பதையும் தமிழ்க் காது எளிதில் பிரித்துவிடும். ‘ஒஜிசான்’ மாமா, ‘ஒஜீசான்’ தாத்தா என்ற வேறுபாட்டை ஐரோப்பிய மாணவர்கள் தவறவிடும் இடத்தில் தமிழர்கள் தவறவிடுவதில்லை. ஆனால் வல்லின எழுத்து ஒன்றே வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிப்பதால், மேலே தமிழில் எழுதிக் காட்டிய வசனங்கள் எதையும் எழுத்தை மட்டும் பார்த்துச் சரியாக உச்சரிக்க இயலாது. 46 அடிப்படை எழுத்துகள் கொண்ட ஹிராகானாவைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்வது இதனால் கட்டாயமாகிறது. பிறகு வசனவரியையும் ஜப்பானியத்திலேயே வைத்து, வினையின் அகராதி வடிவத்தைத் தேடி, அச்சில் வேறு சொல்லை வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகலாம்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 2010 முதல் ஐந்து நிலைகளில் நடக்கிறது. தொடக்க நிலை என்5. சென்னையிலும் எழுதலாம். சொல்வளம், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகியவற்றை அது சோதிக்கிறது. பேச்சுக்கு அதில் பகுதி கிடையாது. அதற்கான பயிற்சியை மாணவரே தனியாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.