இரண்டடி வலைக்கு ஏன் இத்தனை பயம்?

என் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி. வீட்டு ஜன்னலில் கொசுவலை கிழிந்தால் என்ன செய்கிறீர்கள்? ஜன்னலையே பெயர்த்தெடுத்துவிட்டுப் புது ஜன்னல் வைக்கிறீர்களா? கடைக்குப் போய் வலை வாங்கி வந்து, சட்டத்தில் அடித்து, அரை நாளில் வேலையை முடிக்கிறீர்கள். மிஞ்சிய துண்டைக்கூடப் பத்திரமாகச் சுருட்டிப் பரணில் வைக்கிறீர்கள். அதே நீங்கள், காரின் முகப்பில் இரண்டு பிளாஸ்டிக் பட்டை உடைந்தால் மட்டும் சர்வீஸ் சென்டர்காரர் நீட்டும் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறீர்கள். ஏன்?

இதைப் பற்றி நீண்ட நாளாக எழுத நினைத்திருந்தேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காரின் முன்பக்கம் கிரில் என்று ஒன்று இருக்கிறதே, அதை அழகுக்கு வைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் வேலை இரண்டு. காற்றை உள்ளே விடவேண்டும். கல்லை உள்ளே விடக்கூடாது. அதற்குப் பின்னால் முதலில் இருப்பது ஏ.சி. கண்டன்சர், அதற்கும் பின்னால் ரேடியேட்டர். இரண்டிலும் தாள் போல மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். விரல் நகத்தால் அழுத்தினாலே மடங்கிவிடும். பழைய அம்பாசடர், பியட் வண்டிகளில் கிரில் உலோகத்தில் இருந்தது, கண்ணியும் நெருக்கம். இப்போதைய வண்டிகளில் ஆள் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. பார்க்கச் சிங்கத்தின் வாய் போல இருக்கிறது. உள்ளே காவலுக்கு ஒன்றும் இல்லை.

வானூர் பக்கம் கல் குவாரி லாரிகள் ஓடும் சாலையில் போய் வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன வருடம் திண்டிவனம் போய்த் திரும்பும்போது, முன்னே போன டிப்பரிலிருந்து சிதறிய ஜல்லி எங்கள் சின்னக் கார் கிரில்லில் இரண்டு பட்டைகளை உடைத்து, கண்டன்சரில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடுகளை மடக்கிவிட்டது. கேஸ் ஒழுகவில்லை. ஏ.சி. வழக்கம்போல வேலை செய்தது.

சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்: கிரில் முழு செட் 4,260 ரூபாய், கண்டன்சர் 11,400 ரூபாய், கூலி தனி, வரி தனி. கூட்டிப் பார்த்தால் பத்தொன்பதாயிரத்தைத் தொட்டது. "பட்டையை ஒட்டிவிட்டு, பின்னால் ஒரு கம்பி வலை போட்டுத் தர முடியுமா தம்பி?" என்று கேட்டேன். "அப்படியெல்லாம் செய்யக்கூடாது சார், வாரண்டி போய்விடும்" என்றார். வண்டிக்கு வயது ஒன்பது. வாரண்டி போய்ச் சேர்ந்து கருமாதியும் முடிந்து பல வருடம் ஆகிறது என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன். ஒரு மர ஸ்டூல் வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். பழுது பார்க்க முடியாது என்று சான்று இல்லாமல் பழைய ஸ்டூலைக் கழிக்க முடியாது. ஒரு வரி பிசகினால் ஆடிட்காரர் விடமாட்டார். சர்க்கார் பணத்துக்கு இத்தனை காவல் காத்தவர்கள், சொந்த ஓய்வூதியப் பணம் என்று வரும்போது ஒரே கொட்டேஷனில் பத்தொன்பதாயிரம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். "பழுது பார்க்க முடியாது" என்ற சான்றை, புதிதை விற்கிறவரே கொடுக்கிறார். இதை எந்த ஆடிட்டில் ஒப்புக்கொள்வார்கள்?

வெளியே வந்து ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். சீப்பு மாதிரி ஒரு கருவியை வைத்து, மடங்கிய தகடுகளைப் பேன் வாருவதுபோல வாரி நிமிர்த்திவிட்டார். இருநூறு ரூபாய். மீதியை எங்கள் தெருமுனை டிங்கரிங் பட்டறையில் செய்துகொண்டேன். அலுமினிய வலை இரண்டடிக்கு மூன்றடி 380 ரூபாய், கறுப்பு ஸ்பிரே 190, கேபிள் டை ஒரு பாக்கெட் 60, ஓரத்துக்கு ரப்பர் பீடிங் 70, பட்டைகளை ஒட்ட அரால்டைட் 50. பட்டறைக்காரருக்கு 300. மெக்கானிக்கையும் சேர்த்தால் 1,250 ரூபாய். மழை, வெயில் எல்லாம் பார்த்துவிட்டது. அசையவில்லை.

இதைச் சொன்னால் உடனே நாலு பக்கமிருந்தும் ஆட்சேபணை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"வலை போட்டால் காற்று தடைபடும், இன்ஜின் சூடாகும்." நியாயமான கேள்விதான். பதிலுக்குக் கணக்குப் போட்டாலே போதும். கம்பியின் தடிமன் 1 மி.மீ., கண்ணி 10 மி.மீ. என்று வையுங்கள். 11க்கு 11 சதுரத்தில் 10க்கு 10 திறந்திருக்கிறது. 121க்கு 100. அதாவது 83 சதவீதம் திறப்பு. இது சின்ன வண்டிக்குப் பொதுவாகப் பிரச்சினை தராது. கொசுவலையைக் கொண்டுபோய்க் கட்டினால் கதை வேறு. கம்பி 0.3, கண்ணி 1 மி.மீ. என்றால் திறப்பு 59 சதவீதம்தான். அதுவும் முதல் நாள் மட்டும். ஈசலும் தூசியும் அடைத்த பிறகு பாதிகூட இருக்காது. ஆகவே கொசுவலை கூடாது, விரல் நுனி நுழையும் கண்ணி போதும். போட்ட பிறகு வெயில் நேரத்தில் அரை மணி ஓட்டி, சூட்டு முள்ளைப் பாருங்கள். முள் இல்லாத வண்டியில், சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. குளிர்ச்சி முன்னைவிடக் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் வலை நெருக்கம் அதிகம் என்று அர்த்தம். நாலு கேபிள் டையை வெட்டினால் கையோடு வந்துவிடும். இத்தனை சுலபமாகத் திரும்பப் பெறக்கூடிய முடிவு வாழ்க்கையில் வேறு எதுவும் கிடையாது.

"சட்டப்படி தப்பு." இப்படிச் சொல்பவர்கள் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது, பம்பருக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் இரும்பு கிராஷ் கார்டைப் பற்றி. மோதினால் நடந்துபோகிறவனுக்கு அது எமன். உள்ளே இருக்கிறவருக்கும் ஆபத்து. அதை எடுக்கச் சொன்னது மிகச் சரி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு பேசுவது, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைப் பற்றி. கிரில்லுக்குப் பின்னால், வெளியே நீட்டாமல், நம்பர் பிளேட்டை மறைக்காமல் இருக்கும் ஒரு துண்டு வலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வேடிக்கை என்னவென்றால், அன்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு கிராஷ் கார்டு மாட்டியவர்கள் யாரும் சட்டம் கேட்கவில்லை. நாலு முழ வலைக்குத்தான் சட்டம் நினைவுக்கு வருகிறது.

"புது வண்டிக்கு?" உண்மையிலேயே யோசிக்க வேண்டிய இடம் இது. வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால், வலை போட்டால் எது எது கவர் ஆகாது என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை எழுதித் தரச் சொன்னால் பாதிப் பயமுறுத்தல் அங்கேயே ஆவியாகிவிடும். இப்போது சில வண்டிகளில் முன்னால் போகும் வாகனத்தின் தூரம் பார்க்க ரேடார் வைக்கிறார்கள். அது கிரில் பக்கத்தில்தான் இருக்கும். அதன் எதிரே உலோக வலை வரக்கூடாது. அப்படிப்பட்ட வண்டியில் கை வைக்காதீர்கள். எங்கே செய்யக்கூடாது என்று தெரிந்திருப்பதும் கைவேலையில் ஒரு பகுதி.

"நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" உண்மையான ஆட்சேபணை இதுதான். முந்தைய மூன்றும் இதற்குப் போட்ட போர்வை. ஒட்டுப் போட்ட வண்டி என்றால் கையில் காசில்லை என்று நினைப்பார்களாம். என் நண்பர் ஒருவர், சம்பளத்தில் எனக்கு ஒரு படி மேலே இருந்தவர், வலையைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன, கோழிக்கூடு கட்டியிருக்கிறீரா?" என்றார். அவர் வண்டி முகத்தில் பளபளவென்று குரோமிய நகை ஒன்று மாட்டியிருக்கிறார். பிளாஸ்டிக் மேல் பூசிய பூச்சு. கடற்காற்றில் உரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு கல்லையும் அது தடுக்காது. அவருக்கு அது கௌரவம்.

அவருக்கு ஒரு பந்தயக் கதை சொன்னேன். பிரான்சில் லெ மான் நகரத்தில் 24 மணி நேர கார் பந்தயம் 1923இல்தான் முதலில் நடந்தது. பென்ட்லி காரில் ஜான் டஃப், பிராங்க் கிளெமென்ட் என்று இருவர் மாறி மாறி ஓட்டினார்கள். ரோட்டுக் கல் தெறித்து ஒரு விளக்கு உடைந்தது. பெட்ரோல் டாங்கியிலும் ஓட்டை விழுந்து வண்டி நடுவழியில் நின்றது. அடுத்த வருடம் அதே ஜோடி மறுபடி வந்தது. விளக்குகளுக்கு முன்னால் கம்பி வலை, டாங்கியைச் சுற்றித் தென்னை நார்ப் பாய். அந்த 1924 பந்தயத்தில் ஜெயித்தது அவர்கள்தான். பணக்காரச் சீமான்கள் ஓட்டும் பென்ட்லிக்குக் கம்பி வலையும் கயிற்றுப் பாயும் கௌரவக் குறைவாகத் தெரியவில்லை. நமக்குத்தான் தெரிகிறது.

எங்கள் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளிகளில் "லெசோன் தெ ஷோஸ்" என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைப் பற்றிய பாடம். பூட்டு, தராசு, மெழுகுவர்த்தி என்று ஒரு சாதாரணப் பொருளை மேசை மேல் வைத்து, இது எதனால் ஆனது, எப்படி வேலை செய்கிறது என்று கேட்டு வாங்குவார் வாத்தியார். பிறகு பெரிய படிப்பு படித்தவர்கள் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். பொருளைத் திருப்பிப் பார்த்து, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்பதே கௌரவக் குறைவு என்று ஆகிவிட்டது.

அந்த நாட்டுக்காரர்கள் மறக்கவில்லை. வீட்டில் தானே செய்யும் சில்லறை வேலைக்கு "பிரிகொலாழ்" என்று பெயர். டாக்டரும் வக்கீலும் ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்வார்கள், அதைப் பெருமையாகச் சொல்லியும் கொள்வார்கள். 2017 ஜனவரி முதல் அங்கே ஒரு விதி இருக்கிறது: கார் பழுதுபார்க்கும் கடைக்காரர், பல பாகங்களுக்குப் புதியதற்குப் பதிலாக, பழைய வண்டியிலிருந்து எடுத்த நல்ல பாகத்தைப் போட்டுக்கொள்ளும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். இங்கும் 2022இல் மத்திய நுகர்வோர் துறை "பழுதுபார்க்கும் உரிமை" பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. வாகனங்களும் அதன் வரம்பில் உண்டு. நல்லதுதான். ஆனால் உரிமையைக் கேட்டு வாங்க ஒரு வாய் வேண்டுமே? கவுண்டரில் போய் "சரி சார்" என்று தலையாட்டுகிறவர்களுக்கு எந்தச் சட்டம் வந்து என்ன பயன்?

செய்ய நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. முதலில் அட்டையில் மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். வலையைச் சுற்றிலும் ஒரு அங்குலம் கூட விட்டு வெட்டி, ஓரத்தை மடக்கி, அரத்தால் தேய்த்து, ரப்பர் பீடிங் செருகுங்கள். இல்லையென்றால் வண்டி ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். நம்மூர் உப்புக்காற்றுக்கு ஜி.ஐ. வலை ஒத்துவராது, வெட்டிய முனையிலிருந்து துருவேறும். அலுமினியம் நல்லது. ஆனால் அதைச் செம்புக் கம்பியால் கட்டாதீர்கள். செம்பு தொட்ட இடத்தில் அலுமினியம் அரித்துப்போகும். கறுப்பு கேபிள் டை போடுங்கள், வெள்ளை நிறம் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். வலைக்கும் கண்டன்சருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே பானெட்டைத் திறந்து கையை விடுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாகச் சுற்றும். குனிய முடியாதவர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பட்டறைக்காரரைச் செய்யச் சொல்லி மேற்பார்வை பாருங்கள். அதில்தான் நமக்கு அனுபவம் அதிகம்.

கடைசியாக அந்தப் பட்டறைக்காரரைப் பற்றி. அவர் அப்பாவும் அதே இடத்தில் தகரம் தட்டியவர். அட்டை மாதிரியைக் கையில் வாங்கியதும், நான் சொல்லாமலேயே மூலையில் அரை அங்குலம் சரிவாக வெட்டினார். "பானெட் பூட்டு இடிக்கும் சார்" என்றார். வண்டியை அவர் ஒருமுறைதான் பார்த்திருந்தார். இப்போது மாதத்தில் பத்து நாள்கூட வேலை இல்லை என்கிறார். பையன் கூரியர் கம்பெனிக்குப் போய்விட்டான். நாம் பயந்துகொண்டும் வெட்கப்பட்டுக்கொண்டும் முழு செட் வாங்கிக்கொண்டே இருந்தால், அவரும் சுத்தியலைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதன் பிறகு "பழுது பார்க்க முடியாது" என்று சர்வீஸ் சென்டரில் சொல்வது உண்மையாகவே ஆகிவிடும். மறுத்துச் சொல்ல ஆள் இருக்காது.

அதற்குள் உங்கள் வண்டியின் பானெட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். கண்டன்சரில் எத்தனை கல் அடித்திருக்கிறது என்று எண்ணுங்கள். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னும் இரண்டு கொட்டேஷன் வாங்குங்கள். அதில் ஒன்று தெருமுனைப் பட்டறையில் வாங்கியதாக இருக்கட்டும்.