அந்தரத்தில் நிற்கும் வித்தை

என் நண்பர் ஒருவர் பல மாதம் சேர்த்த பணத்தில் ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்று வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருப் பிள்ளைகள் புடைசூழ அதை மைதானத்துக்கு எடுத்துப் போனார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். விசிறி சுழன்றது. யந்திரம் ஓர் ஆள் உயரம் எழும்பியது. இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. நண்பர் பதறிப்போய் ஏதோ செய்தார். அது இன்னும் அதிகமாகச் சாய்ந்து தரையில் மோதியது. எல்லாம் பத்து விநாடிக்குள் முடிந்துவிட்டது! இறக்கை இரண்டும் ஒடிந்து, வால் தண்டு வளைந்து கிடந்தது.

"ஆறு மாதமாக டிரோன் விடுகிறேனே, இது மட்டும் ஏன் இப்படி?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

டிரோன் பழகியதுதான் அவருக்கு வினையாயிற்று. நான்கு விசிறி டிரோனில் கையை எடுத்துவிட்டாலும் உள்ளே இருக்கும் கருவிகள் அதை நின்ற இடத்தில் நிறுத்திவிடும். ஹெலிகாப்டர் அப்படியல்ல. உள்ளங்கையில் விளக்குமாற்றை நட்டுக்குத்தலாக நிறுத்திப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஏறக்குறைய அதே கதைதான். மேல் விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப் பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்க வால் விசிறி. அந்த வால் விசிறியோ யந்திரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அதைச் சரிக்கட்ட உடலைச் சற்றுச் சாய்க்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும்.

ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானங்கள் 1930-களிலேயே பறந்தன. ஹெலிகாப்டரை அப்படி நம்பிக்கையோடு பறக்கவிட, ஜெர்மானிய எஞ்சினீயர் டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்கில் வெற்றி காணும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஞ்சினீயர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்த காரியம், நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிடுமா?

ஆகவே, "யார் வேண்டுமானாலும் விடலாம் சார்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். முதல் பணத்தை யந்திரத்தில் போடாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். நல்ல ரிமோட் ஒன்று வாங்குங்கள். அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து, சிமுலேட்டர் என்னும் பயிற்சி விளையாட்டில் பழகுங்கள். அங்கே நூறு தடவை விழுந்தாலும் காலணாச் செலவில்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் புது ஹெலிகாப்டர் வந்து நிற்கும்.

அங்கே பழக வேண்டியது குட்டிக்கரணம் அல்ல, நிற்பது. வால் நம்மைப் பார்த்திருக்க, ஒரே இடத்தில் அந்தரத்தில் நிறுத்த வேண்டும். பிறகு பக்கவாட்டில் திருப்பி நிறுத்த வேண்டும். கடைசியில், மூக்கு நம்மைப் பார்த்திருக்க நிறுத்த வேண்டும். இங்கேதான் பெரிய வீரர்களும் திணறுகிறார்கள். ஹெலிகாப்டர் நம் முகம் பார்த்து நின்றால் அதன் இடது நமக்கு வலது. கை பழைய வழக்கப்படி தள்ளும். யந்திரம் தலைகீழாகப் போகும். ஓர் உபாயம் உண்டு: எந்தப் பக்கம் தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், சாய்கிற பந்தலுக்கு முட்டுக் கொடுப்பதுபோல. மனம் கணக்குப் போடாமல் கையே இதைச் செய்யும் வரை மைதானத்தை மறந்துவிடலாம்.

மைதானத்துக்குப் போகும்போதும் சின்ன யந்திரமே போதும். பெரியது காற்றில் ஆடாது என்பது உண்மை; விழுந்தால் பர்ஸும் சேர்ந்து விழும் என்பதும் உண்மை. காலடியில் குறுக்காகக் கட்டும் பயிற்சிக் கம்புகள் கவிழாமல் காக்கும். முழங்காலுக்குக் கீழே பறக்கவிடாதீர்கள். அதன் காற்றே தரையில் பட்டு அதை ஆட்டும். ஆடி மாதக் காற்றில் வெளியே எடுக்கவே வேண்டாம். பாட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்; இந்த லித்தியம் பாட்டரி தீப்பிடிக்கக்கூடியது. விமான நிலையத்தை ஒட்டிய சிவப்பு எல்லைக்குள் அனுமதியில்லாமல் விடக்கூடாது என்று 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள் சொல்கின்றன. அதையும் கவனிக்க வேண்டும்.

இதைச் சிறுவர் விளையாட்டுச் சாமான் என்று எண்ணுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. சுமார் 70 சென்டிமீட்டர் விசிறி வட்டம் உள்ள நடுத்தர யந்திரம் நிமிஷத்துக்கு 2,500 சுற்றுச் சுற்றினால், இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. 2013-ல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், பூங்கா ஒன்றில் தன் ஹெலிகாப்டரை விட்டுக்கொண்டிருந்த 19 வயது இளைஞர் அதன் இறக்கை தாக்கி இறந்தார். அவர் கத்துக்குட்டி அல்ல, கைதேர்ந்தவர். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தாமல் விசிறியைச் சுற்றவிடுவது பெரும் தவறு. அன்று எங்கள் தெருப் பிள்ளைகள் பத்தடிக்குள் நின்றார்கள். யந்திரம் எதிர்ப் பக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணினால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. நான் பெரியவனாக லட்சணமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? நானும் முன்வரிசையில்தான் நின்றேன்!

நண்பர் இப்போது மாலை வேளைகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வால் பக்கம் நிறுத்தம் கைக்கு வந்துவிட்டதாம். மூக்குப் பக்கம் இன்னும் தகராறுதான். அவருடைய பையனுக்கு அது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. "ஒடிந்த இறக்கையை எப்போது மாற்றப் போகிறீர்கள், அப்பா?" என்று தினமும் நச்சரிக்கிறானாம். அவர் இன்னும் மாற்றவில்லை.