ஒரு பிடி மல்லிக்கு இத்தனை பாடா?

கொத்தமல்லி வளர்ப்பதைவிடச் சுலபமான வேலை இல்லையாம். விதையைச் செருப்பால் தேய்த்து உடை, ராத்திரி ஊறவை, தூவு, அவ்வளவுதானாம். எங்கள் ஈப்போ தாமானில் இதைச் சொல்லாத அக்கா கிடையாது.

உடைப்பது சரிதான், ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் இரண்டு விதை. முளைக்கப் பத்து நாளுக்கு மேல் ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம். முளைத்த பிறகுதானே கூத்து! சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். காலையில் பார்த்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து, கறுத்து, வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். தப்பியதை நத்தை மேயும். நத்தைக்கும் தப்பியது, சாண் உயரம் வருவதற்குள் இலை மெலிந்து பூவை நீட்டும். 33 டிகிரி வெயிலில் அதற்கு விதைக்குப் போகத்தான் அவசரம். ரசத்துக்கு இலை எங்கே?

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் வேறு வம்பு. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975இலேயே சட்டம் வந்துவிட்டது. தட்டில் ஏடிஸ் புழு நெளிந்தால் அபராதச் சீட்டு.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தத் தோட்டமே இப்போது செம்பனை. "லயத்துல வீசி விட்டாலே எல்லாம் முளைச்சிச்சு. உனக்குத்தான் கைராசி இல்ல" என்கிறார். என்னென்ன முளைத்தது பெரியம்மா என்று கிளறினேன். கறிவேப்பிலை, முருங்கை, மஞ்சள், மிளகாய், கற்பூரவள்ளி, பொன்னாங்கண்ணி. மல்லித்தழை?

"அது பாசார்ல வாங்குறதுதான்."

அப்படி வாங்க வழிக்கு!

கறிவேப்பிலைக்கு நான் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. குயில் பழத்தைத் தின்று எச்சமிட்டதோ என்னவோ, கால்வாயோரச் சிமெண்டு வெடிப்பில் ஒன்று நெடுநெடுவென நிற்கிறது. மலாய்க்காரர்கள் கெதும்பார் ஜாவா என்று சொல்லும் நீள இலையும் கேட்பாரில்லாமல் நிழலில் மண்டிக் கிடக்கிறது. விளிம்பில் முள், மணம் மல்லியேதான். வீட்டில் என்ன தீர்ப்பு? "ரசத்துக்கு ஆகாது." ஆகாதாம்!

மல்லிக்கு வேண்டியது கேமரன் மலை. சிம்பாங் பூலாயிலிருந்து ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரம், நல்ல குளிர். அங்கிருந்து இறங்குகிற கட்டைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன், வேறு வழி? ஆனால் விதைப் பொட்டலத்தின் முதுகில் "மிதமான வெயிலில் வளர்க்கவும்" என்று அச்சடித்த புண்ணியவானை மட்டும் பார்க்க வேண்டும். ஈப்போவில் அது எந்த மாதம் ஐயா?