டாக்டரிடம் கேட்க வெட்கம் ஏன்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு வாலிபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 24. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆறு மாதமாக நினைக்கிறார். கிளினிக் வாசல் வரை போகிறார். உள்ளே தெருவில் தெரிந்த நாலு பேர் உட்கார்ந்து இருக்கிறார்கள். திரும்பி விடுகிறார்.

என்ன கேள்வி?

"டாக்டர், எனக்கு ஆண்களோடு உறவு உண்டு. நான் என்னென்ன தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்?"

இவ்வளவுதான்!

முகம் சுளிக்காதீர்கள். ஆண்களிடமே அன்பு வைக்கும் ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆவடியிலும் உண்டு, பூந்தமல்லியிலும் உண்டு. இவர்களைத் தன்பாலீர்ப்பு உடையவர்கள் என்கிறோம். 1990-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. வயது வந்த இருவர் மனம் ஒத்து உறவு கொள்வது குற்றம் அல்ல என்று 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

நோயும் இல்லை. குற்றமும் இல்லை. பிறகு வெட்கம் எதற்கு?

கை நீட்டிய 1,083 பேர்

மஞ்சள் காமாலையில் "பி" வகை என்று ஒன்று உண்டு. அதன் கிருமி இரத்தம் வழியாகப் பரவும். உடல் உறவிலும் பரவும். தாயிடம் இருந்து குழந்தைக்கும் வரும். சிலருக்கு இந்தக் கிருமி ஈரலிலேயே தங்கிவிடும். பல ஆண்டு கழித்து ஈரல் கெடும், புற்றுநோயும் வரலாம்.

இதற்குத் தடுப்பு ஊசி கண்டுபிடித்தார்கள். அது பலிக்குமா என்று பார்க்க வேண்டுமே? நியூயார்க் நகரில் டாக்டர் ஸ்முனஸ் என்பவர் 1978-ல் சோதனை தொடங்கினார். 1,083 பேர் கை நீட்டினார்கள். அத்தனை பேரும் தன்பாலீர்ப்பு உடைய ஆண்கள். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு மருந்து இல்லாத ஊசி. 1980-ல் முடிவு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நோயைத் தடுத்தது ஊசி!

இன்று நம் ஊரில் குழந்தை பிறந்தால், 24 மணி நேரத்துக்குள் "பி" வகைக் காமாலைக்கு ஊசி போடுகிறார்கள். அந்தப் பாதுகாப்பில் இந்த 1,083 பேருக்கும் பங்கு உண்டு.

இந்த ஊசி 2011-ல்தான் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் வந்தது. அதற்கு முன் பிறந்த பலர் போட்டுக்கொண்டது இல்லை. குழந்தைக்குக் கேட்காமலே கிடைக்கிறது. பெரியவர்கள் கேட்டால்தான் கிடைக்கும்!

கீழாநெல்லி போதுமா?

காமாலை என்றதும் நமக்குக் கீழாநெல்லி நினைவுக்கு வரும். சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும், "பி" கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து அதை ஆராய்ந்தார்கள். 1988-ல் பலன் உண்டு என்று எழுதினார்கள். பின்னால் நடந்த ஆராய்ச்சிகள் அதை உறுதி செய்யவில்லை. ஆகவே வருமுன் காப்பதே வழி.

என்னென்ன ஊசி?

முதலில் இரத்தப் பரிசோதனை. கிருமியும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் "பி" வகைக்கு ஊசி. பெரும்பாலும் மூன்று தடவை, ஆறு மாதத்துக்குள்.

"ஏ" வகைக் காமாலை அழுக்குத் தண்ணீரால் வரும். உடல் உறவிலும் பரவும். அதற்கும் ஊசி உண்டு.

மூன்றாவது எச்.பி.வி. ஊசி. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. பெண்களுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். தவறு! அதே கிருமி ஆண்களுக்கு ஆசனவாயிலும் ஆண் குறியிலும் தொண்டையிலும் புற்றுநோய் உண்டாக்கும். இளம் வயதிலேயே போடுவது நல்லது. 26 வயது தாண்டியவர்கள் டாக்டரிடம் யோசனை கேட்க வேண்டும்.

எச்.ஐ.வி.க்குத் தடுப்பு ஊசி இல்லை. ஆணுறை வேண்டும். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்கிறார்கள்.

டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை

கேள்வி கேட்டவர் அதற்காக எத்தனை நாள் தூக்கம் கெட்டாரோ! உபதேசம் வேண்டாம். "கல்யாணம் செய்தால் சரியாகிவிடும்" என்று சொல்ல வேண்டாம். "உன்னை மாற்றிக் காட்டுகிறேன்" என்று வைத்தியம் செய்வது தொழில் ஒழுங்குக்கு விரோதம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்து இருக்கிறது. நோயாளி சொன்னதை நாலு பேர் காதில் விழாமல் காப்பதும் டாக்டரின் கடமை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகன் ஊசி போட்டு வந்தால் ஏன், எதற்கு என்று குடைய வேண்டாம். பிறந்த அன்று பிள்ளைக்கு ஊசி போட்டபோது நாம் மகிழ்ந்தோம் அல்லவா? வளர்ந்த பிள்ளையும் நம் பிள்ளைதான்.

அம்பத்தூர் தம்பி! வாசல் வரை போனீர்களே, இன்னும் நாலு அடி நடங்கள். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்காமல் விட்டால் ஈரல் ஒரு நாள் கேட்கும்!